பந்தைத் தொட முடியாத கேப்டன்

வாசுதேவன் பாஸ்கரன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா, குழந்தைகளே?

கிரிக்கெட் வீரர்களின் பெயர் என்றால் பதினொன்றையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பீர்கள். நடுவில் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வருகிறவரின் பெயரும் உங்களுக்கு அத்துபடி! ஆனால் இந்திய ஹாக்கி அணி கடைசியாக ஒலிம்பிக் தங்கம் வென்றது எந்த ஆண்டு, அப்போது கேப்டன் யார் என்று கேட்டால், பெரியவர்களே விட்டத்தைப் பார்க்கிறார்கள். ஆண்டு 1980. இடம் மாஸ்கோ. கேப்டன், நம் தமிழ்நாட்டு ஆரணியில் பிறந்த பாஸ்கரன்.

அவரைப் பற்றி எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. தங்கம் வாங்கிய அந்தக் கேப்டன் இருபது ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஒலிம்பிக்குக்குப் போனார். இந்த முறை பயிற்சியாளராக! அங்கே நடந்தது வேறு கதை. ஒரே மனிதர், ஒரே விளையாட்டு. ஆனால் மைதானத்தில் கோட்டுக்கு உள்ளே நிற்பது ஒன்று. கோட்டுக்கு வெளியே நிற்பது முற்றிலும் வேறொன்று. இரண்டையும் பார்த்துவிடுவோம், வாருங்கள்.

ஆரணிப் பையன்

ஆரணி என்றதும் உங்கள் அம்மாவுக்குப் பட்டுப்புடவை நினைவுக்கு வரும். மளிகைக் கடைக்காரருக்கு அரிசி மூட்டை நினைவுக்கு வரும். இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர், பாஸ்கரன் பிறந்த 1950இல் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர் பிறந்த நாள் ஆகஸ்ட் 17. சுதந்திர தினத்துக்குப் பிறகு இரண்டாம் நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சென்னை லயோலா கல்லூரியில் படித்தார்.

அவர் சிறுவனாக இருந்த காலத்தில் இந்தியாவின் பெருமை என்றால் அது ஹாக்கிதான். பாடப் புத்தகத்தில் வளைகோல் பந்தாட்டம் என்று போட்டிருக்கிறதே, அதே விளையாட்டு. 1928இல் ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பித்து 1956 மெல்போர்ன் வரை நடந்த 6 ஒலிம்பிக்கிலும் தங்கம் இந்தியாவுக்குத்தான். 1964இல் டோக்கியோவில் ஏழாவது தங்கம். பிறகு 1968இலும் 1972இலும் வெண்கலம். 1968இல் வெண்கலம் வென்ற அணியில் கோல் கீப்பர் முனீர் சேட்டும், கிருஷ்ணமூர்த்தி பெருமாளும் இருந்தார்கள். தமிழ்நாட்டுக்கும் ஹாக்கிக்கும் உள்ள உறவு நேற்று முளைத்தது அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். கோவில்பட்டிப் பிள்ளைகளிடம் கேட்டால் இன்னும் நிறையச் சொல்வார்கள்; அங்கே ஹாக்கி மட்டை இல்லாத தெருவைத் தேட வேண்டும்!

பாஸ்கரன் 1973இல் இந்திய அணிக்குள் வந்தார். அதே ஆண்டு ஹாலந்து நாட்டில் நடந்த உலகக் கோப்பையின் இறுதிப் போட்டியில், இந்தியா 2 கோல் முன்னணியில் இருந்தது. கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் ஹாலந்து 2 கோல் திருப்பிப் போட்டது. கடைசியில் பெனால்டி ஸ்ட்ரோக்கில் நம் அணி தோற்று, வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பியது. முன்னணியில் இருக்கும்போதே வெற்றி நழுவுவதை, பாஸ்கரன் விளையாட வந்த முதல் ஆண்டிலேயே பார்த்துவிட்டார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

இடது பக்கத்துக் காவல்காரர்

ஹாக்கி அணியில் 11 பேர். பழைய முறைப்படி கோல் கீப்பர் ஒருவர், அவருக்கு முன்னால் ஃபுல் பேக் 2 பேர், நடுவில் ஹாஃப் 3 பேர், முன்வரிசையில் ஃபார்வர்டு 5 பேர். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். இதில் நடுவில் நிற்கும் மூவருக்குத்தான் வேலை அதிகம். எதிரி தாக்கினால் பின்னால் ஓடித் தடுக்க வேண்டும். பந்து கிடைத்தால் முன்னால் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். பாஸ்கரன் இதில் இடது ஹாஃப்.

இடது ஹாஃப் என்பது எவ்வளவு கஷ்டமான இடம் என்று தெரிய வேண்டுமானால் ஹாக்கி மட்டையைக் கையில் எடுக்க வேண்டும். மட்டை இல்லையா? தாத்தாவின் கைத்தடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். (கேட்டு வாங்குங்கள்!) இடது கை மேலே, வலது கை கீழே. எல்லாரும் இப்படித்தான் பிடிக்க வேண்டும். கிரிக்கெட்டில் இடது கை ஆட்டக்காரர் திரும்பி நின்று ஆடுவதுபோல் ஹாக்கியில் ஆட முடியாது. மட்டையின் இடது பக்கம் தட்டையாக இருக்கும். வலது பக்கம் உருண்டையாக இருக்கும். தட்டைப் பக்கத்தால்தான் பந்தை அடிக்கலாம். உருண்டைப் பக்கம் பட்டால் ஃபவுல்.

இப்போது பந்து உங்கள் வலது பக்கம் வந்தால் கவலை இல்லை. மட்டையை நீட்டினால் போதும். இடது பக்கம் வந்தால்? மட்டையை மணிக்கட்டால் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் கால்களை வேகமாக நகர்த்திப் பந்துக்கு இடப்பக்கம் போய்விட வேண்டும். எதிர் அணியின் வலது ஓர ஆட்டக்காரர், பெரும்பாலும் அணியிலேயே வேகமானவர், கோட்டை ஒட்டி ஓடி வருவது இடது ஹாஃபின் இடது பக்கமாகத்தான்! ஆகவே அந்த இடத்தில் நிற்பவருக்குக் கை வேகத்தைவிட முன்யோசனைதான் முக்கியம். பந்து எங்கே வரும் என்று எதிரிக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்று ஒரு விளையாட்டு உண்டு. நாம் காலால் உதைக்கும் கால்பந்து அல்ல அது; நீள்வட்டப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், முட்டி மோதி விழுவார்கள். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் இருப்பார். பந்து முதலில் அவர் கைக்கு வரும். யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்பதை இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். தன் வேலை மட்டும் அல்ல, மற்ற 10 பேரின் வேலையும் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் குவார்ட்டர்பேக்காக இருந்தவர்கள் பிற்காலத்தில் பயிற்சியாளர் ஆவது அங்கே சகஜம். ஜிம் ஹார்பா என்று ஒருவர். மிச்சிகன் பல்கலைக்கழக மாணவராக அந்த இடத்தில் ஆடினார். சிகாகோ பேர்ஸ் முதலிய தொழில்முறை அணிகளிலும் ஆடினார். பிறகு தாம் படித்த மிச்சிகனுக்கே பயிற்சியாளராகப் போய், 2024 ஜனவரியில் அந்த அணியைத் தேசிய சாம்பியன் ஆக்கினார்.

ஹாக்கியில் குவார்ட்டர்பேக் கிடையாது. ஆனால் நடுவில் நின்று முன்னும் பின்னும் பார்க்கிற ஹாஃபுக்கும் அதே மாதிரித் தலை வேண்டும். பாஸ்கரன் கேப்டனாகவும் பிறகு பயிற்சியாளராகவும் ஆனதில் ஆச்சரியம் இல்லை என்பேன்.

மாண்ட்ரியலில் வழுக்கியது

1976இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஒலிம்பிக். பாஸ்கரனுக்கு அது முதல் ஒலிம்பிக். இந்தியா அதற்கு முந்தைய ஆண்டுதான் உலகக் கோப்பையை வென்றிருந்தது. ஆகவே எல்லாரும் தங்கத்தை எதிர்பார்த்தார்கள்.

அங்கே போனால் மைதானத்தில் புல்லே இல்லை! ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் செயற்கைத் தரை விரித்திருந்தார்கள். நம் மானகிரிப் பொட்டலில் ஒரு பந்தை உருட்டிப் பாருங்கள். செம்மண்ணில் ஒரு சரளைக்கல் பட்டால் பந்து ஒரு பக்கம் துள்ளும். அந்தத் துள்ளலை மட்டையால் அடக்கி, மெதுவாகத் தட்டித் தட்டிக் கொண்டு போவதில்தான் நம்மவர்களின் கலை இருந்தது. செயற்கைத் தரையில் துள்ளலே கிடையாது. பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். பின்னாலேயே ஓடுவதற்கு நெஞ்சில் மூச்சு வேண்டும். ஆஸ்திரேலியா நம்மை 6-1 என்று வீழ்த்தியது. இந்தியாவுக்கு 7ஆம் இடம். 1928 முதல் ஒலிம்பிக்கில் பதக்கம் இல்லாமல் திரும்பியதே இல்லாத அணி, அன்று வெறுங்கையோடு திரும்பியது.

மாஸ்கோவில் 43 கோல்

நான்கு ஆண்டுகள் கழித்து மாஸ்கோ. இப்போது பாஸ்கரன் கேப்டன். அவருக்கு முன்னால் இடது ஓரத்தில் ஜாபர் இக்பால். வலது பக்கம் எம்.கே. கௌஷிக். நடுவில் கோல் அடிப்பதற்கென்றே பிறந்த சுரிந்தர் சிங் சோதி. வாரணாசியிலிருந்து முகமது ஷாஹித் என்ற 20 வயது இளைஞர். பந்து அவர் மட்டையில் ஒட்டிக்கொண்டது போல ஓடுவார். பயிற்சியாளர் பால்கிஷன் சிங். அவரே 1956 மெல்போர்னில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஒலிம்பிக்குக்குப் பல நாடுகள் வரவில்லை. சோவியத் படை 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா புறக்கணிப்பை அறிவித்தது. ஹாக்கியில் பலசாலிகளான பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, ஹாலந்து, ஆஸ்திரேலியா யாரும் இல்லை. ஆண்கள் ஹாக்கியில் ஆடியது 6 அணிகள்தான். "அதனால்தான் தங்கம் கிடைத்தது" என்று இன்றும் சிலர் சொல்வது உண்டு. வராதவரை எப்படி ஜெயிப்பது? வந்தவரோடுதான் ஆட முடியும். வந்தவர்களும் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை, பாருங்கள்.

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தான்சானியாவை 18-0 என்று வென்றோம். போலந்துடன் 2-2. ஸ்பெயினுடன் 2-2. கியூபாவை 13-0. சோவியத் ஒன்றியத்தை 4-2. முதல் இரண்டு இடத்தில் வந்த இந்தியாவும் ஸ்பெயினும் இறுதிப் போட்டியில் மறுபடி மோதின. நாள் 1980 ஜூலை 29.

சோதி 2 கோல் அடித்தார். கௌஷிக் ஒன்று. 3-0! இனி என்ன, பாயசம்தான் என்று வானொலிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஸ்பெயினில் ஹுவான் அமாத் என்ற ஆட்டக்காரர் விடவில்லை. அடுத்தடுத்து 2 கோல் போட்டார். 3-2. இப்போது ஷாஹித் ஒரு கோல் அடித்து 4-2 ஆக்கினார். அமாத் மறுபடியும் ஒன்று. 4-3!

அந்தக் கடைசி நிமிடங்களில் கேப்டன் பாஸ்கரன் இருந்தது மைதானத்துக்குள். சக வீரரிடம் கத்தலாம். பின்னால் ஓடலாம். பந்து வந்தால் தானே மட்டையை நீட்டித் தடுக்கலாம். 1973இல் நழுவியது போல இது நழுவவில்லை. விசில் ஊதியபோதும் 4-3தான். தங்கம்!

6 ஆட்டத்தில் மொத்தம் எத்தனை கோல் அடித்தோம் என்று கூட்டினீர்களா? 43. அதில் சோதி மட்டும் அடித்தது 15. இன்னொரு செய்தியும் உண்டு: பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டதும் அதே மாஸ்கோவில்தான். நம் பெண்கள் அணி 4ஆம் இடம் பெற்றது. அவர்களைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதே இல்லை.

பாஸ்கரனுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 1981இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது.

பயிற்சியாளர் என்ன செய்வார்?

விளையாடி முடித்தவர் பயிற்சியாளர் ஆவது சுலபம் என்றுதான் நமக்குத் தோன்றும். தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே? நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்: கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற மாணவனைப் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடு என்றால், "இப்படித்தான் வரும், போ" என்பான். தனக்கு எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. மூன்று முறை தப்புப் போட்டு, நான்காம் முறை சரியாகப் போட்ட பிள்ளை அழகாகச் சொல்லிக்கொடுக்கும். அதனால்தான் பயிற்சியாளர் ஆவதற்கு என்று தனிப் படிப்பே இருக்கிறது. பஞ்சாபில் உள்ள பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டுக் கழகம் அதற்குப் பேர் போனது. நம் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது.

ஹாக்கிப் பயிற்சியாளரின் வேலை ஆட்டத்தன்று தொடங்குவது அல்ல. ஒலிம்பிக்குக்கு 16 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினேழாவது ஆளிடம் "நீ இல்லை" என்று சொல்ல வேண்டும். எதிர் அணியின் பழைய ஆட்டங்களைப் படம் போட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பெனால்டி கார்னரை எடுத்துக்கொள்ளுங்கள். கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுவார். வட்டத்தின் விளிம்பில் ஒருவர் நிறுத்துவார். இன்னொருவர் கோலுக்குள் செலுத்துவார். எதிரில் கோல் கீப்பரும் இன்னும் 4 பேரும் பாய்ந்து வருவார்கள். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் யார் தள்ளுவது, யார் நிறுத்துவது, உண்மையிலேயே அடிப்பதா, அடிப்பதுபோல் பாவனை செய்து பக்கத்தில் தட்டுவதா என்பதையெல்லாம் பல நாள் முன்பே பேசி, நூற்றுக்கணக்கான முறை பழகியிருப்பார்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, ஆட்டம் தொடங்கியதும் பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே வந்துவிட வேண்டும். களைத்தவரை வெளியே கூப்பிடலாம், வேறு ஒருவரை உள்ளே அனுப்பலாம், கத்தலாம். பந்தை மட்டும் தொட முடியாது.

சிட்னியில் இரண்டு நிமிடம்

2000ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் சிட்னி. இந்திய அணியின் பயிற்சியாளர் பாஸ்கரன். கேப்டன் ரமன்தீப் சிங். தன்ராஜ் பிள்ளைக்கு அது மூன்றாவது ஒலிம்பிக். முகமது ரியாஸ், திருமால்வளவன் என்று தமிழ்நாட்டு வீரர்களும் அணியில் இருந்தார்கள். மாஸ்கோவுக்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரு பதக்கமும் வாங்கியிருக்கவில்லை. இருபது ஆண்டுப் பசி!

முதலில் அர்ஜென்டினாவை 3-0 என்று வென்றார்கள். சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவுடன் 2-2 என்று சமன் செய்தார்கள். இது லேசான காரியம் இல்லை. தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றார்கள். ஸ்பெயினை 3-2 என்று வென்றார்கள். மீதி இருந்தது ஒரே ஆட்டம். போலந்தை வென்றால் அரையிறுதி! போலந்துக்கோ அரையிறுதிக்குப் போகும் வழி ஏற்கெனவே அடைந்துவிட்டது.

இந்தியா ஒரு கோல் அடித்து முன்னணியில் இருந்தது. 1-0. நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் ஹாக்கி ஆட்டம் 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி; மொத்தம் 70 நிமிடம். (இப்போது 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி, மொத்தம் 60.) 60 நிமிடம் ஆயிற்று, 65 ஆயிற்று, 68 ஆயிற்று. இன்னும் இரண்டு நிமிடம்கூட இல்லை.

அப்போது போலந்து ஒரு கோல் போட்டது.

1-1. அவ்வளவுதான். இந்தியா அரையிறுதிக்குப் போகவில்லை. அதே பிரிவில் இருந்த தென் கொரியா போனது. இறுதிப் போட்டி வரை சென்று வெள்ளி வாங்கியது. இந்தியாவுக்குக் கிடைத்தது 7ஆம் இடம். ஆட்டக்காரராக மாண்ட்ரியலில் பாஸ்கரன் பெற்ற அதே 7!

ஒரு சின்னக் கணக்கு. 5 ஆட்டம், ஆட்டத்துக்கு 70 நிமிடம் என்றால் 350 நிமிடம். அதில் 348 நிமிடம் வரை எல்லாம் சரியாக இருந்தது. மாஸ்கோவிலும் இதே போலந்துடன் சமன்தான் செய்தோம் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். அங்கே அது கெடுக்கவில்லை, இங்கே கெடுத்துவிட்டது. மாஸ்கோவில் கடைசி நிமிடங்களில் பாஸ்கரனின் கையில் மட்டை இருந்தது. சிட்னியில் இல்லை. அப்போது அவருக்கு 50 வயது. மட்டை இருந்திருந்தாலும் உள்ளே போக முடியாது. ஆனால் அந்த இரண்டு நிமிடமும் அவர் கைகள் எப்படிப் பரபரத்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

மறுபடியும் அழைத்தார்கள்

2006இல் மறுபடி அவரையே பயிற்சியாளராக அழைத்தார்கள். அவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் 12 அணிகளில் இந்தியாவுக்கு 11ஆம் இடம். ஆண்டு இறுதியில் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 5ஆம் இடம். ஆசிய விளையாட்டில் நம் ஹாக்கி அணி பதக்கம் இல்லாமல் திரும்பியது அதுதான் முதல் முறை. பிறகு வேறு பயிற்சியாளர் வந்தார். வென்றால் வீரர்களுக்கு மாலை, தோற்றால் பயிற்சியாளருக்குத் திட்டு. உலகம் முழுவதும் இதுதான் வழக்கம். எனக்கு இந்த வழக்கம் பிடித்ததே இல்லை.

மாஸ்கோவில் அவருக்கு வலது பக்கம் ஆடினாரே கௌஷிக், அவரும் பயிற்சியாளர் ஆனார். அவருக்கு வேறு விதமாக அமைந்தது. 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் பயிற்சி அளித்த இந்திய அணி, தன்ராஜ் பிள்ளையின் தலைமையில் தங்கம் வென்றது. ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது! 2021இல் கொரோனா அவரை நம்மிடமிருந்து கொண்டுபோய்விட்டது.

ஒரே அணியில் ஆடிய இருவருக்கே இப்படி என்றால், வெளியே கேட்கவே வேண்டாம். கால்பந்தில் ஜெர்மனியின் பெக்கன்பவர் 1974இல் கேப்டனாகவும் 1990இல் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையை வென்றார். பிரான்ஸின் திதியே தேஷாம்ப் 1998இலும் 2018இலும் அதையே செய்தார். ஆனால் 1986இல் கோப்பையைத் தூக்கிய அர்ஜென்டினா கேப்டன் மரடோனா, 2010இல் பயிற்சியாளராக வந்தபோது கால் இறுதியில் ஜெர்மனியிடம் 0-4 என்று தோற்றார். நம் ராகுல் திராவிட் கதை இதற்கு நேர் எதிர். 2007இல் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த உலகக் கோப்பையில் அவர் கேப்டன். முதல் சுற்றோடு வெளியேறினோம். 2024இல் அதே மேற்கிந்தியத் தீவுகளில், பார்படோஸ் தீவில் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது அவர்தான் பயிற்சியாளர்.

மதுரைக்கு வந்த உலகக் கோப்பை

மாஸ்கோவுக்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கியில் அடுத்த பதக்கம் கிடைக்க எத்தனை ஆண்டு ஆனது தெரியுமா? 41 ஆண்டு! கொரோனாவால் ஓர் ஆண்டு தள்ளி 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் பெற்றோம். 2024இல் பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று இன்னொரு வெண்கலம். இரண்டிலும் கோல் கீப்பர் கேரளத்து ஸ்ரீஜேஷ். பாரிஸோடு அவர் ஓய்வு பெற்றார். உடனே ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார்.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஜூனியர் உலகக் கோப்பை எங்கே நடந்தது? சென்னையிலும் நம் மதுரையிலும்! இதற்காக மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்க வளாகத்தில் புதிதாகச் சர்வதேச ஹாக்கி மைதானம் அமைத்தார்கள். இந்தியா அங்கே சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றது. ஆனால் சென்னையில் நடந்த அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றது.

டிசம்பர் 10 அன்று வெண்கலத்துக்கான ஆட்டம். எதிரில் அர்ஜென்டினா. மூன்று பகுதி முடிந்தபோது இந்தியா 0-2 என்று பின்தங்கி இருந்தது. உலகின் தலைசிறந்த கோல் கீப்பர்களில் ஒருவர் என்று பேர் வாங்கிய ஸ்ரீஜேஷ் கோட்டுக்கு வெளியே இருக்கிறார். எதிரி அடித்த இரண்டு பந்தையும் அவரால் தடுத்திருக்க முடியுமோ என்னவோ, தொடத்தான் முடியாதே! கடைசிப் பகுதியில் மீதம் இருந்தது 15 நிமிடம். அந்த 15 நிமிடத்துக்குள் அவருடைய பையன்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கோல் அடித்தார்கள். 4-2. வெண்கலம்!

மதுரையில் அந்த நீலத் தரை அங்கேதான் இருக்கிறது. மானகிரியிலிருந்து பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரம்தான். அடுத்த விடுமுறையில் அப்பாவைக் கேளுங்கள். போனால் ஒரு பந்தை உருட்டிப் பார்த்துவிட்டு, அது நம் பொட்டலில் உருளுவதற்கும் அங்கே உருளுவதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு எழுதுங்கள்.